அந்த அறையில் மூன்றாவது ஆள்

திரை வளையங்கள் கம்பியில் வழுக்கும் சத்தம். ஸ்ர்ர்ரக்.

போன சனிக்கிழமை, இங்கே அமெரிக்காவில், சன்னிவேலில் ஒரு துணிக்கடை. என் மனைவி சுடிதார் ஒன்றைப் போட்டுப் பார்க்கச் சின்ன அறைக்குள் போய்த் திரையை இழுத்தாள். அவ்வளவுதான். என் கால்கள் என்னைக் கேட்காமல் அரை அடி இடப்பக்கம் நகர்ந்தன. முதுகு நிமிர்ந்தது. வலது கை சட்டைப்பையில் இல்லாத குறிப்பேட்டைத் தேடியது. கட்டில் இல்லை, தலையணை இல்லை, நோயாளி இல்லை. ஆனாலும் யாரோ ஒரு நோயாளியின் தோளுக்குச் சற்றுப் பின்னால் நிற்பதுபோல நின்றுவிட்டேன்.

வெளியே வந்தவள் ஒரு பார்வை பார்த்தாள். "என்ன, கடைக்கு செக்யூரிட்டியா சேந்துட்டீங்களா?"

ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. உடம்பு இன்னும் நம்பவில்லை.

நான் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். டாக்டரின் ஆங்கிலத்துக்கும் நோயாளியின் தமிழுக்கும் நடுவே இருபத்திரண்டு வருடம். காலையில் ஃப்ரீமான்ட்டில் ஒரு மூட்டுவலி, மதியம் மில்பிட்டாஸில் ஒரு பிரசவம், சாயங்காலம் சான் ஹோசேவில் ஒரு மரணச் செய்தி. நடுவே ஃப்ரீவேயில் காரை ஓட்டிக்கொண்டு, யாருடைய வலியையும் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்று ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி மறப்பது. இப்போது அந்த வேலையைச் சக்கரம் வைத்த கம்பத்தில் ஒரு வீடியோத் திரை செய்கிறது. நர்ஸ் அதை உருட்டிக்கொண்டு வருவார். எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதற்குள்ளிருந்து பேசுவார். குறை சொல்லவில்லை. அவசரத்துக்கு நல்லது. ஆனால் தோளுக்குப் பின்னால் அது நிற்காது. ஐம்பத்தெட்டு வயதில் நானே விலகிக்கொண்டேன்.

அந்தத் திரைக்குள்ளிருந்து பேசும் புதியவர்களில் ஒருத்தி பிரியா. ட்ரேசியில் தன் வீட்டு மாடியறைதான் அவள் ஆபீஸ். துணிக்கடைக்குப் போய்வந்த இரண்டாம் நாள் கூப்பிட்டாள்.

"அங்கிள், எனக்கு ஒரு கேஸ் வந்திருக்கு. டீடெயில்ஸ் சொல்ல மாட்டேன்."

"சொல்லாதே."

"அந்த எண்ட் ஆஃப் லைஃப் லா கேஸ். பேஷன்ட்டே மருந்து கேக்கறது. டாக்டர், பேஷன்ட், நான், மூணு பேர்தான் இருக்கணுமாம். நீங்க பண்ணிருக்கீங்கல்ல? கில்ட்டியா இருந்துச்சா?"

"இல்லம்மா. பெருமையா இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அந்தப் பக்கம் அவள் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். பிறகு, "அங்கிள், இத எங்கயாவது எழுதுங்க. ஃபோன்ல சொன்னா எனக்குப் புரியாது" என்றாள்.

எழுதுகிறேன். பெயர், ஊர், நோய் மூன்றையும் மாற்றிவிட்டேன். பேச்சை மட்டும் மாற்றவில்லை. பேச்சை மாற்றாமல் இருப்பதுதானே நான் பார்த்த வேலை.

மனைவியின் வேலையை ஒட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவன் நான். வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் ஆறு வருடம் வீட்டில் இருந்தேன். துணி மடித்தேன், சிறுபத்திரிகைகளுக்கு வசன கவிதை அனுப்பினேன், மகளை டேகேரில் விட்டு வந்தேன். கிரீன் கார்டு வந்த மாதமே மொழிபெயர்ப்பாளர் பயிற்சியில் சேர்ந்தேன். கவிதை எழுதுகிறவன் சொற்களைச் சேர்க்கத் தெரிந்தவன். இங்கே சேர்க்காமல் இருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது கவிதையைவிடக் கஷ்டம்.

முதல் விதி: நோயாளி 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல். 'அவருக்கு வலிக்கிறதாம்' என்பது கிடையாது. 'எனக்கு வலிக்கிறது.' அப்படிப் பார்த்தால் நான் எத்தனையோ முறை பிரசவித்திருக்கிறேன். எனக்கு மாதவிடாய் நின்றிருக்கிறது. நாலு வயதில் மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்டேன். எண்பது வயதில், மாத்திரை போட்டேன் என்று டாக்டரிடம் பொய் சொன்னேன். மனைவி முன்னால் குடிப்பழக்கத்தை ஒப்புக்கொண்டேன், என் மனைவி அல்ல. இத்தனை உயிர்களை ஒரே தொண்டையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டிருக்கிறேன்.

என் மேலதிகாரி மரிசோல். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளராக நீதிமன்றங்களில் இருந்துவிட்டு மருத்துவமனைக்கு வந்தவர். வெளுத்த துணிகள் அடுக்கிய கிடங்குக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை அவருக்கு. பாராட்ட மாட்டார். ஒரு வேலை சரியாக நடந்திருந்தால் பேனாவால் மேஜையை இரண்டு தட்டு தட்டுவார். தப்பாக நடந்திருந்தால் தட்ட மாட்டார். அந்த இரண்டு தட்டுக்காக நாங்கள் பதினாலு மொழிக்காரர்கள் ஏங்கினோம்.

அவர் வைத்த முறைகள் எல்லாம் இன்னும் என் உடம்பில் இருக்கின்றன. நோயாளியின் தோளுக்கு அரை அடி பின்னால் நில். அப்போதுதான் டாக்டரும் நோயாளியும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். உள்ளே போனதும் இரண்டு மொழியிலும் சொல்: 'இங்கே பேசப்படுவதெல்லாம் மொழிபெயர்க்கப்படும். மொழிபெயர்க்கக் கூடாததை என் முன்னால் சொல்லாதீர்கள்.' டாக்டர் வெளியே போனால் நீயும் வெளியே போ. நோயாளியோடு தனியாக இருக்காதே. நீயாக ஏதாவது பேச வேண்டியிருந்தால் 'மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்' என்று அறிவித்துவிட்டுப் பேசு, பேசியதை மற்றவருக்கும் சொல். நோயாளி வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதே. வேலை முடிந்ததும் குறிப்புத்தாளைக் கிழி, விரல்நகம் அளவுக்கு.

பிறகு அந்தச் சட்டம் வந்தது. இந்த மாநிலத்தில், ஆறு மாதத்துக்கு மேல் பிழைக்க மாட்டார் என்று இரண்டு டாக்டர்கள் சொன்ன, சுயபுத்தியோடு இருக்கிற ஒருவர், தன் உயிரை முடித்துக்கொள்ளும் மருந்தைக் கேட்கலாம். டாக்டர் எழுதித் தரலாம். ஊசி போட முடியாது. அவரே எடுத்துக் குடிக்க வேண்டும். இரண்டு முறை வாயால் கேட்க வேண்டும்; முதலில் நடுவே பதினைந்து நாள் என்றிருந்தது, பின்னால் நாற்பத்தெட்டு மணி நேரம் ஆக்கினார்கள். ஒரு முறை எழுத்தில், இரண்டு சாட்சிகள் முன்னால். எப்போது வேண்டுமானாலும் மனதை மாற்றிக்கொள்ளலாம்.

மரிசோல் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பத்தியை வாசித்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று தெரிந்துகொள்ள, டாக்டர் நோயாளியைத் தனியாகச் சந்திக்க வேண்டும். மகன் கூடாது, மனைவி கூடாது, வேறு ஒருவரும் கூடாது. மொழிபெயர்ப்பாளரைத் தவிர.

"கேட்டீர்களா?" என்றார் மரிசோல். "பெற்ற பிள்ளைக்கு இல்லாத இடத்தைச் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. மனசாட்சி ஒப்பாதவர்கள் கையைத் தூக்கலாம். காரணம் கேட்க மாட்டேன்."

பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். தமிழுக்கு அங்கே நான் ஒருவன்தான்.

மருந்துக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டியிருந்தது. சட்டம் இதைத் தற்கொலை என்று சொல்லவில்லை. நானும் சொல்லக் கூடாது. 'கருணை' என்ற சொல்லும் ஆகாது. அது இன்னொருவர் கொடுப்பது. ஒரு வாரம் யோசித்து 'இறப்பதற்கு உதவும் மருந்து' என்று எழுதிவைத்தேன். எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே சந்தேகத்துக்குரியது என்று பின்னால் தெரிந்தது.

தெய்வானை அம்மாளுக்கு எழுபத்து மூன்று வயது. கோபிச்செட்டிபாளையம் பக்கம். கணவர் போன பிறகு ஒரே மகன் செந்திலோடு இங்கே வந்து ஒன்பது வருடம். கணையத்தில் புற்றுநோய், வைத்தியம் எல்லாம் பார்த்து, இனி வலியை மட்டும் பார்ப்போம் என்ற கட்டம். தன் நோய்க்குப் பெயர் என்ன, எத்தனை நாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மருந்தைப் பற்றியும் யாரோ சொல்லித் தெரிந்திருக்கிறது. நர்ஸிடம் அவரே கேட்டார். அதனால் டாக்டர் லின் வந்தார். அதனால் நான்.

மருத்துவமனை. டாக்டர் லின் செந்திலை வெளியே அனுப்பினார். வளையங்கள் வழுக்கின. ஸ்ர்ர்ரக். மூன்று பேர்.

"இந்த மருந்தை ஏன் கேட்கிறீர்கள்?" என்றார் டாக்டர்.

"பையன் மூணு மாசமா லீவு போட்டுட்டே இருக்கறானுங்க. மருமவ பாவம், ஆபீஸையும் பாத்துட்டு எனக்குக் கஞ்சியும் வெச்சுட்டு. நான் ஒருத்தி எதுக்குங்க எல்லாத்துக்கும் பாரமா?"

சொன்னேன். 'பாரம்' என்ற இடத்தில் டாக்டரின் பேனா நின்றது. அந்தச் சொல்லுக்குத்தான் அவர்களைப் பயிற்றுவித்திருக்கிறார்கள். கட்டாயத்தின் முதல் வாசனை அது.

"யாராவது உங்களைப் பாரம் என்று சொன்னார்களா?"

"யாரும் சொல்லலீங்க. சொல்ற வரைக்கும் இருக்கோணுமா?"

"உங்களுக்கு என்ன வேண்டும்?"

"எனக்கென்னுங்க வேணும்? அவீங்களுக்கு எது சௌரியமோ, அதான்."

இந்தப் பேச்சை நான் அறிவேன். கல்யாணப் பந்தியில், பாயசம் பிடித்தவர் பக்கத்து இலையைக் காட்டி 'அவருக்கு ஊத்துங்க' என்பார். காலாற உட்கார ஆசைப்படுகிறவர் 'குழந்தைக்குத் தூக்கம் வருது, கெளம்பலாம்' என்பார். தனக்கு வேண்டியதை அடுத்தவர் வசதியாக மாற்றித்தான் இந்த அம்மாக்களின் வாயிலிருந்து வெளியே வரும். தனக்கு வேண்டாததும் அதே உருவில்தான் வரும். இது எது? எனக்குத் தெரியவில்லை. நானாக எதையும் கேட்கவில்லை. சொன்னதைச் சொன்னேன். ஒரு எழுத்துப் பிசகாமல்.

டாக்டர் லின் ஃபைலை மூடினார். "இன்று இதைக் கோரிக்கையாக எழுத மாட்டேன். மற்றவர்களுக்காகக் கேட்கிற ஒருவருக்கு இந்த மருந்தை நான் தர முடியாது. வலிக்கு வேறு மருந்து கூட்டுவோம். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து பேசுகிறேன்."

அதைத் தமிழில் கேட்டதும் அம்மாள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் நான் அங்கே இல்லாதவன்.

"தம்பி, நான் சொன்னதத்தான் சொன்னீங்களா?"

அந்தக் கேள்வியையும் ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர், "இவர் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் நான் கேட்டேன்" என்றார். அதையும் தமிழில் சொன்னேன். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

நடைபாதையில் செந்தில் வழிமறித்தார். ஹார்டுவேர் எஞ்சினியர், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கியபடியே இருந்தது.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"நான் சொல்லக் கூடாதுங்க. டாக்டர் இருக்கும்போது அம்மாகிட்டயே கேளுங்க."

"என் அம்மாங்க! என்னய வெளிய தள்ளிட்டு, யாருன்னே தெரியாத நீங்க உள்ள நின்னு கேக்கறீங்க. எங்கம்மா அப்படியெல்லாம் பேசறவங்களே இல்ல. நீங்க எதையாச்சும் மாத்தி டிரான்ஸ்லேட் பண்ணித் தொலைச்சிருப்பீங்க." குரல் இறங்கியது. "ஊர்ல என்ன சொல்லுவாங்க தெரியுமா? பையன் அமெரிக்கா கூட்டிட்டுப் போயி மருந்து குடுத்து முடிச்சுட்டான்னு சொல்லுவாங்க. நான் ஏதோ கொறை வெச்சுட்டேன், அதான் கேக்கறாங்க. அத மட்டும் சொல்லுங்க. என்னாலயா?"

பதில் சொல்லாமல் நிற்பதுதான் என் வேலை. நின்றேன். அந்த ஒரு நிமிடம், இருபத்திரண்டு வருடத்திலேயே நீளமானது.

மதியம் மரிசோலின் அறைக்குப் போய், பெயரில்லாமல், நடந்ததைச் சொன்னேன். பேனா அசையவில்லை.

"விளக்கம் கேட்கும் உரிமை உனக்கு இருக்கிறதே. 'மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்' என்று ஏன் சொல்லவில்லை?"

"அந்த அம்மா சாவதற்கு நான் உதவி செய்வதுபோல இருக்குமோ என்று..."

"பயந்தாய்."

"சொன்னதை அப்படியே சொன்னேன், மரிசோல். ஒரு சொல் சேர்க்கவில்லை."

"பயத்தைச் சேர்த்தாய்." பேனாவை மூடி வைத்தார். "டாக்டருக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரிந்திருந்தது. அந்த அம்மாளுக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியாது, அதைச் சொல்லக் கூடாது. ஆனால் கேள்வி போய்ச் சேரவில்லை என்று தெரியும். அதைச் சொல்லியிருக்க வேண்டும். வியாழக்கிழமை போவாயா, வேறு ஆள் அனுப்பட்டுமா?"

"தமிழுக்கு வேறு ஆள் ஏது?"

"அப்படியானால் போ."

வியாழக்கிழமை. ஃப்ரீமான்ட்டில் வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் செருப்புகள், கார் நிறுத்தும் கராஜில் அரிசி மூட்டைக்கு மேல் மடக்கி வைத்த சக்கர நாற்காலி. செந்தில் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. இருந்தாலும் வளர்ப்பு விடுமா? "காபி சாப்பிடறீங்களா?"

"வேண்டாங்க, இப்பதான் குடிச்சேன்" என்றேன். பொய்.

படுக்கையறை. டாக்டர் கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு, அம்மாளின் கண் மட்டத்துக்கு இறங்கி உட்கார்ந்தார். கதவு சாத்தப்பட்டது. சமையலறையில் புகைபோக்கி விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். பையன், மருமகள், சௌரியம்.

"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்" என்றேன் ஆங்கிலத்தில். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பிறகு திரும்பி, "அம்மா, இப்ப நான் டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லப்போறேன், அத உங்களுக்கும் சொல்லணும். நம்ம பக்கத்துல சில பேர் தனக்கு வேணுங்கறத நேரா கேக்க மாட்டாங்க. அடுத்தவங்களுக்காகன்னு சொல்லித்தான் கேப்பாங்க. நீங்க அப்படியா, இல்ல நெஜமாவே அவங்களுக்காகத்தானா, எனக்குத் தெரியாது. டாக்டர் உங்களத்தான் கேக்கணும்."

இரண்டு மொழியிலும் சொல்லி முடித்தேன். அம்மாள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இது எந்தப் பொஸ்தகத்துலீங்க போட்டிருக்குது?"

அதையும் சொன்னேன். டாக்டர் லின் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கென்று எப்போதாவது எதையாவது கேட்டிருக்கிறீர்களா?"

நெடுநேரம் பதில் வரவில்லை. மௌனத்தை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அது மட்டும்தான் எங்கள் தொழிலில் இலவசம்.

"ஒருக்கா கேட்டனுங்க. சைக்கிள் பழகோணும்னு. எங்கப்பன் சிரிச்சாரு. அடிச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க. அதுக்கப்பறம் எதையும் கேட்டுப் பழக்கமில்ல."

"இப்போது கேட்கலாம். கேட்காமலும் இருக்கலாம். வேண்டாம் என்றாலும் நான் தொடர்ந்து வருவேன், உங்கள் வலியைப் பார்த்துக்கொள்வேன். ஆனால் வேண்டுமென்றால், அது உங்களுக்கு வேண்டியதாக இருக்க வேண்டும்."

சமையலறை விசிறி நின்றுவிட்டது. அம்மாள் முழங்கையை ஊன்றித் தலையணையில் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தார். டாக்டர் கைகொடுக்கப் போனார், அம்மாள் வேண்டாமென்று தலையசைத்தார்.

"எங்க வீட்டுக்காரரு கடேசி பத்து நாளும் கண்ணே தொறக்கலீங்க. குழாயும் அதுவுமா. அவருக்கு என்ன வேணும்னு யாருமே கேக்கல, நானுங்கூடக் கேக்கல. நான் அப்படிப் போக மாட்டன். எனக்கு நெனவு இருக்கோணும். எம்பையன் மொகத்தப் பாக்கோணும். எப்பன்னு நான் சொல்லோணும், எங்கையால எடுத்துக் குடிக்கோணும். அவீங்களுக்கு இல்லீங்க. எனக்கு." ஒரு மூச்சு. "எனக்கு வேணுங்க."

ஐம்பது வயது தாண்டிய ஆண்குரலில், சவரம் செய்த முகத்தோடு, நான் அந்த அம்மாளாக இருந்தேன். என் கணவர் கண்ணைத் திறக்கவில்லை என்றேன். என் மகன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். கடைசி வாக்கியம் ஆங்கிலத்தில் மூன்றே சொல். கர்வத்தோடு சொல்கிறேன்: ஒன்றைச் சேர்க்கவில்லை, ஒன்றை விழுங்கவில்லை, குரலில் அழுகையை ஏற்றவில்லை, இறக்கவுமில்லை. அறுபது வருடம் தாமதமாக வந்த ஒரு 'வேணும்' என் தொண்டை வழியாகச் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. நான் எழுதிய எந்தக் கவிதையிலும் இது நடந்ததில்லை.

டாக்டர் லின் நேரத்தைப் பார்த்து எழுதினார். முதல் கோரிக்கை.

இடையில் இரண்டாவது டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார்; அவருக்கும் நான்தான். திங்கட்கிழமை மறுபடி டாக்டர் லின். மூன்று பேராகக் கதவைச் சாத்திக்கொண்டோம். இரண்டாவது முறை அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "வியாழக்கெழம சொன்னதுதாங்க. வேணும்." அவ்வளவே.

அடுத்து எழுத்து. கதவைத் திறந்தோம். சாட்சிகளாக எதிர்வீட்டு ஆசிரியையும், இரண்டு வீடு தள்ளி இருந்த ஓய்வுபெற்ற தபால்காரரும் வந்து சுவரோரம் நின்றார்கள். செந்தில் வாசற்படியில். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை நான் வரி வரியாகத் தமிழில் வாசிக்க வேண்டும். வாசித்தேன் என்று அடியில் உறுதிமொழியும் கையெழுத்தும் தர வேண்டும். பொய்யென்றால் சட்டப்படி தண்டனை. நோயாளிக்கு உறவில்லை, அவர் சொத்தில் பங்கில்லை, இரு மொழியும் சரளம் என்று ஒவ்வொன்றாக நான் சத்தியம் செய்ய வேண்டும்.

வாசிக்கத் தொடங்கினேன். "...இறப்பதற்கு உதவும் மருந்தை எழுதித் தருமாறு..."

"நில்லுங்க தம்பி. என்ன மருந்து?"

"இறப்பதற்கு உதவும் மருந்து, அம்மா."

"சாவுன்னு சொல்லுங்க. சொன்னா இப்பவே செத்தா போயிருவேன்?"

டாக்டரிடம் சொன்னேன். சாட்சிகள் இருவரும் சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு வாரம் யோசித்துச் செதுக்கிய சொல் அப்படிப் போனது. முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன், 'சாகறதுக்கான மருந்து' என்று. இந்த முறை அம்மாள் ஒவ்வொரு வரிக்கும் "ம்" கொட்டினார்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடப் போகும்போது செந்தில் படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

"அம்மா. ஒரே ஒரு கேள்வி. நெஜமாவே உங்களுக்குத்தானா? எனக்காக இல்லயே?"

இதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். மகன் தாயிடம் கேட்ட கேள்வி. டாக்டர் காதிலும் விழ வேண்டும்.

"உனக்காகன்னா இன்னும் ரெண்டு மாசம் பல்லக் கடிச்சுட்டு இருந்திருப்பேன் கண்ணு" என்றார் அம்மாள். "இது எனக்கு."

அதை நான் ஆங்கிலத்தில் முடிப்பதற்குள் செந்தில் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, தாயின் போர்வையில் முகத்தை வைத்துக்கொண்டார். நடைபாதையில் நான் பதில் சொல்லாத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. சொல்ல வேண்டியவர் வாயிலிருந்தே. அம்மாள் ஒரு கையை அவர் தலையில் வைத்துக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டார். 'தெய்வானை' என்று தமிழில், நிறுத்தி நிதானமாக. சாட்சிகள் போட்டார்கள். அடியில் நான் போட்டேன். என் பெயர் எந்தப் புத்தக அட்டையிலும் அத்தனை அழகாக இருந்ததில்லை.

அந்த மருந்தை அவர் குடித்தாரா? பிரியா, நீயும் முதலில் இதைத்தான் கேட்பாய். எனக்குத் தெரியாது. வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமல் இயல்பாகப் போகிறவர்களும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற நிம்மதியே அவர்களுக்குப் போதும். தெய்வானை அம்மாள் எந்தப் பக்கம் என்று விசாரிக்க எனக்கு உரிமையில்லை, விசாரிக்கவும் இல்லை. குறிப்புத்தாளை அன்று காரில் உட்கார்ந்து விரல்நகம் அளவுக்குக் கிழித்தேன். மறுநாள் மரிசோலிடம், முடிந்தது என்று மட்டும் சொன்னேன். பேனா இரண்டு தட்டு தட்டியது. சற்றுப் பொறுத்து, மூன்றாவதாக ஒன்று.

ஆனால் கிளம்புவதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சாட்சிகள் போய்விட்டார்கள். டாக்டர் பையை மூடினார். செந்தில் முகம் கழுவிவிட்டு வந்து தாயின் தலையணையைச் சரிசெய்தார். அம்மாள் அவரிடம், "கண்ணு, தம்பிக்கு ஒரு காபி போடு" என்றார். மொழிபெயர்த்தேன். பிறகு என்னிடம், "குடிச்சுட்டுப் போலாங்க தம்பி."

அதையும் டாக்டருக்குச் சொல்லிவிட்டு, "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்" என்று அறிவித்தேன். "வேண்டாம்மா. பரவால்ல. இப்பதான் குடிச்சேன்."

அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். மெலிந்த முகத்தில் பல் மட்டும் பளிச்சென்றது.

"மணி நாலாவுது. காத்தால இருந்து எங்கூட நிக்கறீங்க. எப்பங்க குடிச்சீங்க? வேணும்னு சொல்லுங்க தம்பி. நானே சொல்லிட்டன்."

ஆங்கிலத்தில் சொன்னேன், 'நானே சொல்லிவிட்டேன்' வரைக்கும். டாக்டர் லின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். "என்னைப் பார்க்காதீர்கள். கேள்வி உங்களுக்கு."

செந்தில் கையில் காலி டம்ளரோடு வாசற்படியில் காத்திருந்தார். நான் தோளுக்குப் பின்னாலிருந்து அரை அடி முன்னால் வந்து, அம்மாளின் முகத்துக்கு நேரே நின்றேன்.

"வேணும்மா" என்றேன்.